பம்பரில் கீறல், காற்றில் ஈரம்: வாசகர் கேள்வி – பதில்

கொண்டை ஊசி வளைவில் எதிரே பஸ் வந்துவிட்டால் ஒதுங்க ஓரடி இடம்தான் இருக்கும். அந்த ஓரடியில் கைப்பிடிச் சுவர் நிற்கும். நீலகிரியிலும் கொடைக்கானல் மலையிலும் ஓடுகிற கார்களில் முன் பம்பரின் இடது முனை கீறல் இல்லாமல் இருப்பது அபூர்வம். அதை வீட்டிலேயே சரிசெய்வது பற்றி வந்த கேள்விகளை இந்த இதழில் சேர்த்து எடுத்துக்கொண்டோம்.

கோத்தகிரி வாசகர்: வளைவில் ஒதுங்கியபோது பம்பரின் இடது முனை சுவரில் தேய்ந்துவிட்டது. உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளைப் பெயிண்ட் போய், நடுவில் கறுப்புப் பிளாஸ்டிக் தெரிகிறது. உடைசல் இல்லை. ஸ்ப்ரே கேன் வாங்கி நானே அடிக்கலாமா? முதலிலிருந்து சொல்லுங்கள்.

தாராளமாக அடிக்கலாம். மினுமினுப்பு இல்லாத சாதா வெள்ளை என்றால் வீட்டு வேலைக்கு அதைவிட வசதியான நிறம் கிடையாது. ஆனால் ஒரே பகலில் முடித்துவிடலாம் என்று இறங்காதீர்கள். மலையில் இரண்டு பகல் வேண்டும். பெயிண்ட் அடிக்கிற நேரம் மொத்தமாகச் சேர்த்தாலும் கால் மணிதான். மீதி முழுக்கக் கழுவுவதும் தேய்ப்பதும் காயவிடுவதும்.

வாங்க வேண்டியவை: வாட்டர் பேப்பர் (தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் தாள், நம்பர் கூடக்கூட மென்மை) 400, 600, 800, 1000, 2000 நம்பர்களில் தலா இரண்டு தாள். பிளாஸ்டிக் பிரைமர் ஒரு கேன், கடையில் ‘பி.பி. பிரைமர்’ என்று கேளுங்கள். சின்னக் கீறல்களை நிரப்பிச் சமமாக்கும் சாம்பல் நிற சர்ஃபேசர் பிரைமர் ஒன்று, காரின் நிறத்தில் 400 மில்லி கேன் ஒன்று, நிறத்துக்கு மேலே பூசும் நிறமில்லாத பளபளப்புப் பூச்சான கிளியர் ஒன்று. அரை லிட்டர் ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால், மாஸ்கிங் டேப், பஞ்சு உதிராத துணி நான்கு. நிறத்தின் பெயரை மட்டும் சொல்லி வாங்காதீர்கள். ‘வெள்ளை’ என்று ஒரே கம்பெனியே மூன்று நான்கு நிறம் வைத்திருக்கும். கதவுத் தூணிலோ பானெட்டுக்கு அடியிலோ உள்ள தகட்டில் நிறக் குறியீடு இருக்கும். அதைப் படம் எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள்.

முதல் வேலை கழுவுவது. மலைச் சாலையில் ஓடும் பம்பரில் தாரும் டீசல் புகையும் பழைய வாக்ஸும் படிந்திருக்கும். அதன்மேல் நேராக வாட்டர் பேப்பர் போட்டால் அந்த எண்ணெய்ப் பசையைக் கீறலுக்குள் அமுக்கிவிடுவீர்கள். பிறகு பூசுகிற பெயிண்ட் அங்கே நிற்காமல் விலகி, மீன் கண் மாதிரி சின்னச் சின்னக் குழி விழும். தார்ப் புள்ளி இருந்தால் மண்ணெண்ணெய் தொட்ட துணியால் எடுத்துவிட்டு, பாத்திரம் கழுவும் சோப்பு நீரால் இரண்டு முறை கழுவுங்கள். காய்ந்ததும் ஆல்கஹாலை ஒரு துணியில் நனைத்துத் துடைத்து, அது ஆவியாகிப் போவதற்குள் இன்னொரு காய்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். ஒரே துணியால் துடைத்தால் அழுக்கு இடம் மாறுமே தவிரப் போகாது.

அடுத்து தேய்ப்பு. வாளித் தண்ணீரில் நாலு சொட்டு சோப்பு விட்டு, 400 நம்பர் பேப்பரைக் கால் மணி ஊறவையுங்கள். விரலால் அழுத்தித் தேய்த்தால் விரல் போன இடமெல்லாம் பள்ளம் விழும். பழைய ஹவாய் செருப்பில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு துண்டு வெட்டி, பேப்பரை அதில் சுற்றிக்கொள்ளுங்கள். பம்பரின் வளைவுக்கு அது ஒத்து வளையும். கொஞ்ச நேரத்தில் கீறலைச் சுற்றி வளையங்கள் தெரியத் தொடங்கும். நடுவில் கறுப்புப் பிளாஸ்டிக், அதைச் சுற்றிச் சாம்பல் பிரைமர், பிறகு மங்கிய வெள்ளை, வெளியே கிளியர். வெள்ளைக் காரில் கிளியர் வளையம் கண்ணுக்குச் சட்டென்று தெரியாது. ஈரத்தைத் துடைத்துச் சாய்த்துப் பார்த்தால் பனி படர்ந்த கண்ணாடி மாதிரி ஒரு பட்டை தெரியும். ஒவ்வொரு வளையமும் சுமார் ஒரு சென்டிமீட்டர் அகலம் வரும்வரை தேய்க்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியால் வெளியிலிருந்து உள்ளே தடவுங்கள். எங்கே படி தட்டுகிறதோ அங்கே வேலை பாக்கி. அந்தப் படி பெயிண்ட் அடித்தபின் நிச்சயம் தெரியும்; கிளியரின் பளபளப்பு அதை இன்னும் எடுத்துக்காட்டும்.

பிளாஸ்டிக் தெரிகிற இடத்தில் பிசிர் எழும்பும், பழைய வேட்டி ஓரம் மாதிரி. புது பிளேடைப் படுக்கவைத்து அதைச் சிரைத்துவிட்டு 600 நம்பரால் தேயுங்கள். ஆழக் கீறல் மிஞ்சினால் பம்பருக்கென்றே விற்கும், வளையக்கூடிய பட்டி வையுங்கள். தகரத்துக்கு வைக்கும் சாதாப் பட்டி இறுகிக் கல்லாகிவிடும், பம்பர் நெளியும், பட்டி நெளியாது, அங்கேயே வெடிக்கும். டியூபில் வரும், சட்டென்று காயும் என்.சி. பட்டி ஊசிக்குழிகளை மூடத்தான். கனமாக வைத்தால் சுருங்கி, ஒரு மாதத்தில் பழைய கீறலின் கோடு மேலே வந்துவிடும்.

இப்போது ஈரத்தை விரட்ட வேண்டும். கிரில் இடுக்கிலும் பனிவிளக்கு ஓரத்திலும் தண்ணீர் ஒளிந்திருந்து, ஸ்ப்ரே அடிக்கும் நேரம் பார்த்து வழியும். ஹேர் டிரையரால் இடுக்குகளை ஊதிவிட்டு ஒரு மணி நேரம் வெயிலில் விடுங்கள். டேப் ஒட்டும்போது கீறலுக்குப் பக்கத்திலேயே ஒட்டாதீர்கள். பம்பரில் இயல்பாக மடிப்போ விளிம்போ வருகிற இடம்வரை போய் அங்கே ஒட்டினால் கோடு தெரியாது. பார்க்கிங் சென்சார் இருந்தால் அதை மூடுங்கள். அதன் முகத்தில் பெயிண்ட் கனமாக ஏறினால் தவறாகக் கத்தும், அல்லது கத்த வேண்டிய நேரத்தில் சும்மா இருக்கும். முன்பக்க ரேடார் உள்ள புது வண்டி என்றால், அது மறைந்திருக்கும் பகுதியில் பட்டியும் கூடாது, பெயிண்டும் கூடாது. கையேட்டைப் பார்த்துவிட்டுத் தொடுங்கள்.

பிளாஸ்டிக் தெரியும் இடத்தில் மட்டும் பி.பி. பிரைமர் மெல்லிதாக இரண்டு கோட் (பூச்சு). அதைத் தேய்க்கக் கூடாது; கேனில் போட்டிருக்கும் நேரத்துக்குள் மேலே சர்ஃபேசர் போய்விட வேண்டும். சர்ஃபேசர் மூன்று கோட், ஒவ்வொன்றுக்கும் நடுவில் 20 நிமிடம். கேனில் பத்து நிமிடம் என்று போட்டிருந்தால் அது 25 டிகிரி வெப்பத்துக்குச் சொன்ன கணக்கு. உங்கள் ஊர்க் குளிருக்கு இரட்டிப்பு வேண்டும். இரவு முழுக்க வீட்டுக்குள் அல்லது ஷெட்டில் காயட்டும்.

மறுநாள் காலை சர்ஃபேசர் மேல் கறுப்புப் பெயிண்டைத் தூரத்திலிருந்து தூசிபோலத் தூவிவிட்டு 600, பிறகு 800 நம்பரால் தேயுங்கள். கறுப்பு எங்கே மிஞ்சி நிற்கிறதோ அங்கே பள்ளம். கண்ணுக்குத் தப்புவதெல்லாம் இதில் மாட்டும். சுற்றியுள்ள பழைய கிளியரை, புதுக் கிளியர் படப்போகும் கடைசி அங்குலம்வரை 1000 நம்பரால் மங்கலாக்குங்கள். பளபளப்பு மிஞ்சிய இடத்தில் கிளியர் ஒட்டாது. ஆறு மாதத்தில் நகத்தால் உரிக்க வரும்.

நிறம் அடிக்குமுன் மறுபடி ஆல்கஹால் துடைப்பு. கேனை வெதுவெதுப்பான தண்ணீரில், கை பொறுக்கும் சூட்டில், பத்து நிமிடம் வையுங்கள். குளிர்ந்த கேனில் அழுத்தம் குறைந்து, புகையாக வர வேண்டிய பெயிண்ட் துளித் துளியாகத் துப்பும். அடுப்பில் காட்டுவதோ கொதிநீரில் போடுவதோ கூடவே கூடாது. 50 டிகிரிக்கு மேல் சூடானால் கேன் வெடிக்கலாம். உள்ளே குண்டு உருளும் சத்தம் கேட்ட பிறகு இரண்டு நிமிடம் குலுக்குங்கள். பம்பரிலிருந்து ஒரு சாண் தூரம், 20 முதல் 25 சென்டிமீட்டர். கையை மணிக்கட்டில் திருப்பாமல் தோளிலிருந்து நகர்த்துங்கள். பம்பருக்கு வெளியே அழுத்தத் தொடங்கி, வெளியே போய் விடுங்கள். முதல் கோட்டில் அடியில் உள்ள சாம்பல் தெரியத்தான் செய்யும், மூடப் பார்க்காதீர்கள். நான்கு மெல்லிய கோட்டில் தானாக மூடும். கடைசிக் கோட்டுக்குப் பின் அரை மணி விட்டு கிளியர்: முதலில் ஒரு லேசான கோட், 20 நிமிடம் கழித்து ஈரமாக ஒரு கோட்.

வழிந்துவிட்டால் கையை வைக்காதீர்கள், தின்னர் துணியும் வேண்டாம். அப்படியே காயவிட்டு, ஒரு வாரம் கழித்து வழிசலை மட்டும் 1500 நம்பரால் கட்டையோடு தேய்த்துச் சமமாக்கி, 2000 போட்டு, ரப்பிங் காம்பவுண்ட் என்ற மெருகேற்றும் பசையால் மினுக்குங்கள். பதறிப்போய்த் துடைத்தால் நிறம்வரை கிளம்பி வந்துவிடும்.

பெருமாள்மலை வாசகி: மாலை மூன்றரை மணிக்குக் கிளியர் அடித்தேன். அடிக்கும்போது கண்ணாடி மாதிரி இருந்தது. கால் மணியில் மேகம் இறங்கியது. பம்பர் பால் ஊற்றினதுபோல் வெளுத்துவிட்டது. கேன் போலியா?

கேனைக் குறை சொல்ல முடியாது அம்மா. காற்றில் இருந்த ஈரம்தான் காரணம். பெயிண்டில் உள்ள தின்னர் ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகும்; கையில் ஸ்பிரிட் பட்டால் ஜில்லென்று இருக்கிறதே, அதே கதைதான். பெயிண்டின் மேற்பரப்பு காற்றைவிடச் சில டிகிரி குளிர்ந்துவிடும். காற்றில் ஈரம் நிறைந்திருந்தால் அங்கே பனித்துளி கட்டும், ஆனால் துளியாகத் தெரியாது. இன்னும் இறுகாத பெயிண்டுக்குள் கலந்து வெண்மையாக நிற்கும். மலிவான, சட்டென்று ஆவியாகும் தின்னர் கலந்த பெயிண்டில் இது அதிகம்.

இப்போதைக்குத் தொடாமல் விடுங்கள். நல்ல வெயில் நாளில் ஹேர் டிரையரை ஒரு சாண் தூரத்தில் அசைத்துக்கொண்டே மெல்லச் சூடேற்றிப் பாருங்கள். லேசான வெளுப்பு என்றால் கலையும். கலையாவிட்டால் பெயிண்ட் கடையில் ‘ரிடார்டர்’ என்று கிடைக்கும் மெதுவாக ஆவியாகும் தின்னரை ஸ்ப்ரே கன்னில் மெல்லிய புகையாக ஒரு முறை விட்டால், மேற்பரப்பு இளகி ஈரம் வெளியேறும். இது சாதா ஒற்றைக் கேன் கிளியருக்கு மட்டும். ஹார்டனர் என்ற இறுக்கும் திரவம் கலந்த 2கே (இரண்டு பாகக்) கிளியருக்கு ஆகாது. அதற்கும் மசியாவிட்டால் நன்றாகக் காய்ந்தபின் 1000 நம்பரால் வெளுப்பை எடுத்துவிட்டு மறுபடி கிளியர்தான்.

அடுத்த முறை அடிக்குமுன் ஒரு சோதனை செய்யுங்கள். எவர்சில்வர் டம்ளரில் குழாய்த் தண்ணீர் பிடித்து பம்பர் பக்கத்தில் ஐந்து நிமிடம் வையுங்கள். மலைக் குழாய்த் தண்ணீர் பகல் காற்றைவிடச் சில டிகிரி குளிர்ச்சியாகவே வரும். டம்ளரின் வெளிப்புறம் மங்கி வேர்த்தால் கேனைத் திறக்காதீர்கள்; பெயிண்டுக்கும் அதேதான் நடக்கும். டம்ளர் காய்ந்தே இருந்தால் அடிக்கலாம். ஈரப்பதம் காட்டும் சின்னக் கருவி வைத்திருப்பவர்கள் 70 விழுக்காட்டுக்குக் கீழே, வெப்பம் 15 டிகிரிக்கு மேலே என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நேரம், பகல் 11 முதல் 2 வரை. மாதம், ஜனவரிக் கடைசி முதல் மார்ச் வரை. உதகை, கூடலூர் பக்கம் ஜூனிலிருந்து செப்டம்பர்வரை தென்மேற்கு மழை. குன்னூர், கோத்தகிரி, உங்கள் கொடைக்கானல் பக்கம் அக்டோபர் முதல் டிசம்பர்வரை வடகிழக்கு மழை. இந்த மாதங்களில் வேலை வந்தால் பம்பரைக் கழற்றி வீட்டுக்குள் வைத்து அடிப்பது நல்லது. சக்கர வளைவில் ஸ்க்ரூ, மேலே கிளிப், அடியில் கிளிப், சென்சார் ஒயர் இருந்தால் அதன் சாக்கெட்; பொறுமையாக எடுத்தால் பெரும்பாலான வண்டிகளில் இரண்டு பேருக்கு ஒரு மணி வேலை. அறையை மின்சார ஹீட்டரால் முன்கூட்டியே சூடாக்கிவிட்டு, அடிக்கும்போது அதை அணைத்துவிடுங்கள். கேஸ் ஹீட்டர் வேண்டாம், எரியும்போது அதுவே நீராவியை விடும். கரி அடுப்பும் வேண்டாம், மூடிய அறையில் அதன் புகை ஆளைக் கொல்லும். கேனிலிருந்து வரும் வாயு தீப்பிடிக்கும் என்பதால் எந்த நெருப்பும் பக்கத்தில் இருக்கக் கூடாது.

குன்னூர் வாசகர்: எஸ்டேட் சாலையில் தேயிலைச் செடியும் உண்ணிச்செடியும் உரசி பம்பர் ஓரம் முழுக்க மெல்லிய கோடுகள். பற்பசை போட்டால் போகும் என்கிறார்கள்.

பற்பசையும் ஒரு மெல்லிய தேய்ப்பான்தான். மேலோட்டமான மங்கலைக் கொஞ்சம் எடுக்கும், அதோடு சரி. கோட்டின் மேல் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். ஈரமாக இருக்கும்போது கோடு மறைந்தால் கிளியரோடு நின்றிருக்கிறது. பெயிண்ட் வேலையே தேவையில்லை. நகம் தட்டாத கோடுகளுக்கு ரப்பிங் காம்பவுண்ட் போதும்: கடுகளவு அல்ல, ஒரு ரூபாய்க் காசு அளவு எடுத்து, ஓரடிச் சதுரத்துக்குள் ஸ்பாஞ்சால் தேயுங்கள். லேசாக நகம் தட்டினால் அந்தக் கோட்டை மட்டும் 2000 நம்பர், பிறகு 3000 போட்டுக் காம்பவுண்டுக்கு வாருங்கள். கம்பெனி கிளியர் ஒரு தலைமுடியின் தடிமன்கூட இருக்காது, 40, 50 மைக்ரான்தான். மடிப்புகளிலும் விளிம்புகளிலும் இன்னும் குறைவு. அங்கே டேப் ஒட்டி மறைத்துவிட்டுத் தேயுங்கள். மெஷின் பாலிஷ் என்றால் ஒரே இடத்தில் நிறுத்தாதீர்கள். தகரம் சூட்டைப் பரப்பிவிடும், பிளாஸ்டிக் பரப்பாது; நாலு நொடியில் நிறம் எரிந்து போகும்.

எண்ணெய் ஸ்ப்ரே அடித்தால் கீறல் மாயமாக மறைவதையும் பலர் எழுதியிருக்கிறார்கள். எண்ணெய் கோட்டை நிரப்பி நிற்கும்வரை மறையும், இரண்டு மழையில் திரும்ப வரும். பின்னால் பெயிண்ட் அடிக்க நினைத்தால் அந்த எண்ணெயே எதிரி.

உதகை வாசகர்: போன வருடம் பம்பர் மாற்றி வெளியில் பெயிண்ட் அடித்தோம். இப்போது சர்வீசில் தண்ணீர் பீச்சியபோது வாழைப்பட்டை மாதிரி நீளமாக உரிந்து வருகிறது. அடியில் வழவழ கறுப்பு.

‘வழவழ கறுப்பு’ என்று எழுதினீர்களே, காரணம் அதிலேயே இருக்கிறது. பிரைமரும் நிறமும் கிளியரும் ஒன்றோடொன்று நன்றாகத்தான் பிடித்திருக்கின்றன; அதனால்தான் பட்டையாக வருகிறது. பிளாஸ்டிக்கோடுதான் யாரும் அவற்றைச் சேர்த்துவைக்கவில்லை. இன்றைய பம்பர்கள் பெரும்பாலும் பாலிபுரொப்பிலீனும் (சுருக்கமாக பி.பி.) ரப்பர் வகையும் கலந்த பிளாஸ்டிக். பம்பரின் உள்பக்கம் பாருங்கள். கூர்முனைக் குறிகளுக்கு நடுவே பி.பி., இ.பி.டி.எம்., டி.பி.ஓ. என்று ஏதாவது அச்சாகியிருக்கும். இந்தப் பிளாஸ்டிக்கில் எதுவும் எளிதில் ஒட்டாது. தயிர் டப்பாவில் ஸ்டிக்கர் ஒட்டாத மாதிரி. பி.பி. பிரைமர் இரண்டுக்கும் நடுவில் இருந்து இரண்டையும் பிடித்துக்கொள்வது. அதை விட்டுவிட்டு மேலே எவ்வளவு விலை உயர்ந்த பெயிண்ட் அடித்தாலும் இதுதான் முடிவு.

புதுப் பம்பரில் இன்னொரு சிக்கலும் உண்டு. அச்சிலிருந்து வழுக்கி வெளியே வருவதற்காகத் தடவிய மெழுகு போன்ற பூச்சு மேலே மிச்சமிருக்கும். சுடுதண்ணீர், சோப்பு, ஸ்காட்ச் பிரைட் நார் கொண்டு மூன்று முறையாவது தேய்த்துக் கழுவி, ஆல்கஹால் போட்டுத் துடைத்த பிறகுதான் பிரைமரைத் திறக்க வேண்டும்.

உங்கள் பம்பரில் உரிந்த இடத்தை மட்டும் ஒட்டுப்போட முடியாது. மிச்சம் எவ்வளவு பிடித்திருக்கிறது என்று பார்க்க, நல்லதாகத் தெரியும் இடத்தில் பிளேடால் பெருக்கல் குறி கீறி, பார்சல் டேப்பை அழுத்தி ஒட்டி, ஒரே இழுப்பில் எடுங்கள். பெயிண்ட் டேப்போடு வந்தால் மொத்தத்தையும் எடுத்தாக வேண்டும். அகலமான பிளாஸ்டிக் சுரண்டியும் ஹேர் டிரையர் சூடும் போதும், தானாகவே வரும். பெயிண்ட் ரிமூவர் ஊற்றாதீர்கள். பிளாஸ்டிக் ஊறி உப்பிவிடும்.

கொடைக்கானல் வாசகர்: வெள்ளி நிற மெட்டாலிக். குறியீடு சொல்லித்தான் கலந்து வாங்கினேன். அடித்த இடம் மட்டும் கறுத்துத் திட்டாகத் தெரிகிறது.

மெட்டாலிக்கில் நிறம் கேனில் பாதி, கையில் பாதி. உள்ளே இருப்பது அலுமினியச் செதில்கள். ஈரமாக அடித்தால் செதில்கள் பெயிண்டுக்குள் மூழ்கிச் சாய்ந்து நிற்கும், நிறம் கறுக்கும். தள்ளி நின்று உலர்வாக அடித்தால் மேலேயே படுத்துக்கொண்டு ஒளியைத் திருப்பும், நிறம் வெளுக்கும். நீங்கள் நெருங்கி நின்று ஈரமாக அடித்திருக்கிறீர்கள். மறுமுறை கடைசிக் கோட்டை 30, 35 சென்டிமீட்டர் தள்ளி நின்று, வேகமாக, தூவுவதுபோல் போடுங்கள். செதில்கள் சீராகப் படுக்கும். ஒவ்வொரு கோட்டையும் முந்தையதைவிட நாலு விரல் வெளியே கொண்டுபோனால் பழைய நிறத்தோடு கரையும். கிளியர் மட்டும் பம்பரின் அந்தப் பக்கம் முழுவதும், விளிம்புவரை.

அடிக்குமுன் ஒரு வழவழப்பான அட்டையில் அதே எண்ணிக்கையில் கோட்டும் கிளியரும் அடித்துக் காயவைத்து, காரில் வைத்துப் பாருங்கள். வெளியில், நிழலில் பார்க்க வேண்டும். டியூப்லைட்டில் ஒத்துப்போகும் நிறம் வெளியே வந்தால் காட்டிக்கொடுக்கும். கிளியர் போட்டால்தான் உண்மையான நிறம் வரும் என்பதால் கிளியர் இல்லாமல் ஒப்பிடாதீர்கள். ஃபெண்டரோடு நூற்றுக்கு நூறு சேரவில்லை என்று வருந்தவும் வேண்டாம். கம்பெனியிலேயே பம்பரைத் தனியாக அடிப்பார்கள். புது வண்டியிலும் உற்றுப்பார்த்தால் ஒரு சாயல் வித்தியாசம் தெரியும். மூன்று கட்டமாகப் பூசும் பேர்ல் வெள்ளை வைத்திருப்பவர்கள் மட்டும் இதை வீட்டில் முயல வேண்டாம். நடுக் கோட்டின் எண்ணிக்கை ஒன்று கூடினாலும் நிறம் மாறும்.

அருவங்காடு வாசகி: 2கே கிளியர்தான் நிலைக்கும் என்கிறார்கள். வீட்டில் ஆஸ்துமா உள்ளவர் இருக்கிறார். அடிக்கலாமா?

வேண்டாம். நிலைக்கும் என்பது உண்மை. சாதாக் கிளியர் காய்வது தின்னர் போவதால். பெட்ரோல் சிந்தினால் மறுபடி இளகும். 2கே, ஹார்டனரோடு வினைபுரிந்து இறுகுவது. பெட்ரோலும் வெயிலும் தாங்கும். ஆனால் அந்த ஹார்டனரில் உள்ள ஐசோசயனேட் நுரையீரலைத் தாக்கும், புதிதாகவே ஆஸ்துமாவைக் கொண்டுவரும், மூக்கில் வாடை தெரியும் முன்பே உள்ளே போயிருக்கும். துணி மாஸ்க்கோ என்95 மாஸ்க்கோ அந்த ஆவியைத் தடுக்காது. பிரைமரும் நிறமும் வரை நீங்கள் வெளியில் காற்றோட்டமாகச் செய்துகொண்டு, கிளியர் மட்டும் ஸ்ப்ரே பூத் உள்ள பெயிண்டரிடம் கொடுங்கள். செலவில் பெரும்பகுதி அப்போதும் மிச்சம்தான். இல்லையென்றால் சாதாக் கிளியர் மூன்று கோட் அடித்து, ஒரு மாதம் கழித்து வாக்ஸ் போட்டு வாருங்கள். கீறல் படும் பம்பர் முனைக்கு அதுவே பல பேருக்குப் போதும்.

மற்றவர்கள் 2கே கேன் எடுத்தால்: ஆவியைத் தடுக்கும் கார்ட்ரிட்ஜும் தூசி வடிகட்டியும் உள்ள முகக்கவசம், கண்ணாடி, நைட்ரைல் கையுறை, திறந்தவெளி. அடிப்பாகத்துப் பொத்தானை அழுத்தி ஹார்டனரை விட்டதும் கேனின் ஆயுள் மணிக்கணக்குதான். லேபிளில் உள்ளதைப் பாருங்கள். பத்து டிகிரிக்குக் கீழே இந்த வினை ஏறக்குறைய நின்றுவிடும். டிசம்பர், ஜனவரி உறைபனி இரவில் புது 2கே பூசிய வண்டியை வெளியே விட்டால் ஒரு வாரம் கழித்தும் நகம் பதியும்.

மஞ்சூர் வாசகர்: பின் பம்பர் உள்ளே அமுங்கிவிட்டது. பெயிண்ட் போகவில்லை. சுடுதண்ணீர் ஊற்றினால் வரும் என்பது நிஜமா?

நிஜம். உங்கள் உயரத்தில் தண்ணீர் நூறு டிகிரிக்குப் போகாது. உதகையில் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அது இந்தப் பிளாஸ்டிக்குக்குப் போதும், பெயிண்டுக்கும் ஆபத்தில்லை. ஆனால் ஆற விடக் கூடாது. ஒருவர் இரண்டு கெட்டில் நீரைப் பள்ளத்தின் மேலும் ஓரங்களிலும் நிதானமாக ஊற்ற, இன்னொருவர் ரப்பர் கையுறை போட்டு உள்பக்கமிருந்து, பள்ளத்தின் நடுவில் அல்லாமல் ஓரத்திலிருந்து தொடங்கித் தள்ள வேண்டும். வெளியே வந்ததும் பச்சைத்தண்ணீர் ஊற்றினால் அப்படியே நிற்கும். விடியற்காலைக் குளிரில் சூடேற்றாமல் தள்ளிப் பார்க்காதீர்கள், பெயிண்ட் சிலந்தி வலை மாதிரி வெடித்துவிடும்.

பண்ணைக்காடு வாசகர்: இரண்டு அங்குல விரிசல். சூப்பர் க்ளூ, எபாக்சி இரண்டும் போட்டாயிற்று, நிற்கவில்லை.

நிற்காது, உதகை வாசகருக்குச் சொன்ன, பெயிண்ட் ஒட்டாத அதே காரணம். விரிசலின் நுனியில் 3 மில்லிமீட்டர் துளை போடுங்கள், விரிசல் அதைத் தாண்டி ஓடாது. உள்பக்கமிருந்து, கம்பியைச் சூடாக்கிப் பிளாஸ்டிக்கில் இறக்கும் ஹாட் ஸ்டேப்ளரால் விரிசலுக்குக் குறுக்கே முக்கால் அங்குலத்துக்கு ஒன்றாகக் கம்பியைப் பதித்து, அதே பி.பி. பிளாஸ்டிக் குச்சியை உருக்கி மூட வேண்டும். கருவி இல்லாவிட்டால் பம்பரைக் கழற்றிப் பிளாஸ்டிக் வெல்டிங் செய்பவரிடம் கொடுப்பதே மேல். பம்பரை வண்டியோடு பிடித்து நிறுத்தும் காது உடைந்திருந்தால் பெயிண்டைப் பற்றி யோசிக்கும் முன் அதைச் சரிசெய்யுங்கள். ஆடுகிற பம்பரில் எதுவும் நிலைக்காது.

கூடலூர் வாசகர்: இன்சூரன்சில் போடலாமா, நாமே செய்யலாமா?

கணக்குப் பார்த்து முடிவெடுங்கள். சாதாப் பாலிசியில் பிளாஸ்டிக் பாகத்துக்கு 50 விழுக்காடு தேய்மானம் கழிப்பார்கள். பெயிண்டிங் செலவில் பொருள் விலைக்கும் 50 விழுக்காடு. அதற்கு மேல், நீங்களே ஏற்க வேண்டிய கட்டாயக் கழிவு: 1500 சிசி வரையுள்ள வண்டிக்கு 1,000 ரூபாய், பெரிய இன்ஜினுக்கு 2,000. ஒரு கிளெய்ம் போட்டாலே போனஸ் போகும். கிளெய்ம் இல்லாத வருடங்களுக்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி அது; 20, 25, 35, 45, 50 விழுக்காடு என்று ஏறுவது. ஐந்து வருடம் காத்து 50-க்கு வந்தவர் உள்ளங்கை அகலக் கீறலுக்காக அதை விட்டால் நஷ்டம். தேய்மானம் கழிக்காத பாலிசியும், போனஸ் பாதுகாப்பும் இரண்டும் சேர்ந்து இருந்தால் மட்டும் கிளெய்ம் போடுவதில் அர்த்தம் உண்டு.

லவ்டேல் வாசகி: பெயிண்ட் இல்லாத கறுப்பு அடிப்பகுதி வெளுத்துச் சாம்பலாகிவிட்டது. தேங்காயெண்ணெய் தடவுகிறோம். அதிலும் கீறல் இருக்கிறது.

உயரம் ஆயிரம் மீட்டர் கூடினால் புற ஊதாக் கதிர் பத்து விழுக்காடு அளவுக்குக் கூடும். குளிர்கிறதே என்று வெயிலை லேசாக எண்ண முடியாது. கீழே இருப்பதைவிட இங்கே பிளாஸ்டிக் சீக்கிரம் வெளுக்கும். தேங்காயெண்ணெய் இரண்டு நாள் கறுப்பாகக் காட்டி, தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நிறுத்திவிட்டு சோப்பு நீரால் கழுவி, பெயிண்ட் இல்லாத கறுப்புப் பிளாஸ்டிக்குக்கென்றே விற்கும் பூச்சைப் போடுங்கள். சொரசொரப்பான பரப்பில் உள்ள கீறலை வாட்டர் பேப்பரால் தேய்க்கவே கூடாது. சொரசொரப்பு போய் வழவழப்பாகத் திட்டு விழும், திரும்ப வராது. எழும்பி நிற்கும் பிசிரை மட்டும் பிளேடால் எடுத்துவிட்டு, ஹேர் டிரையரைக் கிட்டே காட்டி அசைத்துக்கொண்டே இருங்கள். வெள்ளையாகத் தெரியும் கீறல் கொஞ்சம் கறுக்கும். அதே பம்பரின் மேல்பகுதியில் பெயிண்ட் வேலை இருந்தால் அதை முதலில் முடித்து, ஒரு மாதம் ஆன பிறகே இந்தப் பூச்சைத் தொடுங்கள். புதுப் பெயிண்டின் மேல் வாக்ஸும் அதுவரை வேண்டாம். தண்ணீர் பீச்சிக் கழுவுவதும் ஒரு மாதத்துக்கு வேண்டாம், வாளியும் துணியும் போதும்.